உப்பளத்தில் நிற்கிறவருக்கு ரத்தத்தில் உப்பு எப்படிக் குறையும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, எடை 45 கிலோ. ராமநாதபுரம் கடற்கரையில் திருப்பாலைக்குடிப் பக்கம் உப்பளத்தில் பல வருடமாக வேலை. இரண்டு மாதமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மே மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவருக்கு ராத்திரி கெண்டைக்காலில் குரக்களி (தசைப்பிடிப்பு), குமட்டல், வாந்தி. விடிந்தபோது நடை தள்ளாடி, பேச்சும் சம்பந்தமில்லாமல் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சோடியம் (உப்பின் முக்கியக் கூறு) 121 என்று வந்திருக்கிறது. மூன்று நாள் மெதுவாக டிரிப் ஏற்றிவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கருவாட்டை நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். பிரஷர் அட்டையிலோ உப்பைக் குறைக்கவும் என்று இருக்கிறது. உப்புக்குள்ளேயே நிற்கிற மனுஷிக்கு உப்பு எப்படிக் குறையும், உப்பைக் கூட்டுவதா தண்ணீரைக் குறைப்பதா, மூன்று நாள் இழுத்தது பில்லுக்காகத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பல என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த 121 எதை அளக்கிறது, உடம்பில் அதை எது தீர்மானிக்கிறது?

நான் பொது மருத்துவம் படித்து, இந்தக் கடற்கரையிலேயே பல வருடம் நோயாளிகளைப் பார்த்து வருகிறவள். சித்திரை, வைகாசியில் சோடியம் குறைந்து வார்டுக்கு வருகிறவர்களில் வயதான, ஒல்லியான பெண்கள்தான் அதிகம். "உப்புல நின்னு நின்னு காலு வெந்துபோச்சு, எனக்கா டாக்டரம்மா உப்பு கம்மி?" என்று ஒரு பாட்டி என்னிடமே சண்டைக்கு வந்திருக்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் உங்கள் அம்மாவை நான் சோதித்துப் பார்க்கவில்லை. உங்களிடம் இருப்பதும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை எண்தான். அதனால் எது உறுதியான விஷயம், எது என் ஊகம் மட்டும் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

உப்பளத்தில் டிகிரி, அதாவது தண்ணீரின் உப்படர்த்தி, பார்ப்பதை அம்மா தினம் பார்த்திருப்பார். கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டால் கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். பாத்தி மாறி மாறி வெயிலில் வற்றி 25ஐ ஒட்டி வரும்போது உப்பு விளைய ஆரம்பிக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் டிகிரி சட்டென்று இறங்கிவிடும். பாத்தியில் இருந்த உப்பை யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை, தண்ணீர் கூடிவிட்டது, அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் வரும் சோடியமும் இப்படி ஒரு டிகிரிதான். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் ஓர் அலகு) என்று அது சொல்லும். 135 முதல் 145 வரை இயல்பு. உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அது சொல்லாது. 121 என்றால் உப்பு போயிருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம், இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். எண் மூன்றுக்கும் ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. நான் பார்த்த அளவில் 'சோடியம் குறைவு' என்ற பேச்சில் வரும் குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

தோல் வழியாக உப்பு உள்ளே போகிறதா என்ற சந்தேகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். போவதில்லை. உப்புத் தண்ணீரில் எட்டு மணி நேரம் நின்றாலும் தோல் அதை உள்ளே விடாது. உதட்டில் படியும் தூசி கணக்கில் வராது. சோடியம் உடம்புக்குள் வருவது வாய் வழியாக, போவது பெரும்பாலும் சிறுநீரிலும் வியர்வையிலும்.

45 கிலோ எடையுள்ள, அறுபதை நெருங்கும் ஒரு பெண்ணின் உடம்பில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர், அதாவது 22 லிட்டர் போல. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளேயும் ஒரு பங்கு வெளியேயும் இருக்கிறது. சோடியம் பெரும்பாலும் வெளியே, பொட்டாசியம் பெரும்பாலும் உள்ளே. தண்ணீர் மட்டும் செல்லின் சவ்வைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்வரும். எந்தப் பக்கம் அடர்த்தி அதிகமோ அந்தப் பக்கம் நகரும். வெளியே சோடியம் நீர்த்துப்போனால் தண்ணீர் செல்லுக்குள் ஏறி செல் வீங்கும். கையிலோ காலிலோ கொஞ்சம் வீங்கினால் தெரியாது. மூளை மண்டை ஓட்டுக்குள் இருப்பதால் அதற்கு இடமில்லை. குமட்டல், தலைவலி, தள்ளாட்டம், உளறல், கடைசியில் வலிப்பு என்று வருவது அதனால்தான். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 22 லிட்டர் தண்ணீர் உள்ள உடம்பில் சோடியம் 140இலிருந்து 121க்கு இறங்க, வெளியேற்ற முடியாத தண்ணீர் மூன்று, மூன்றரை லிட்டர் தேங்கினாலே போதும், ஒரு கிராம் உப்புகூட இழக்க வேண்டியதில்லை. எண்பது கிலோ ஆணுக்கு அதே மூன்று லிட்டர் இந்த அளவு இறக்கம் தராது. ஒல்லியான பெண்கள் ஏன் சீக்கிரம் விழுகிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, குடித்த தண்ணீர் ஏன் தேங்குகிறது? சிறுநீரகம் செய்யும் வேலையின் அளவைத் தெரிந்துகொண்டால் இது புரியும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் இருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாக மாற்றிக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். அவ்வளவையும் வெளியே விட்டால் மனிதன் ஒரு மணி நேரம் தாங்க மாட்டான். நுண்குழாய்களின் முதல் பகுதியிலேயே மூன்றில் இரண்டு பங்கு திரும்ப எடுக்கப்படுகிறது. அடுத்த வளைவில் கால் பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி கடைசிப் பகுதிகளில். கடைசியில் வெளியே போவது ஒன்றரை லிட்டர் சிறுநீரும், நாம் அன்று சாப்பிட்ட அளவு உப்பும்தான். ஹார்மோன்கள் நுணுக்கமாகக் கைவைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சில சதவீதத்தில். அளவு சின்னது, ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கைப் பார்ப்பது வாசோபிரசின் என்ற ஹார்மோன். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் ரத்தத்தின் அடர்த்தியை உணரும் செல்கள் இருக்கின்றன. அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே அவை விழித்துக்கொள்ளும். தாகம் எடுக்கும், பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களுக்குப் போய் அங்கே அக்வாபோரின் என்ற நுண்துளைகளைச் சுவரில் பதிக்கும். தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக உடம்புக்குள் திரும்பும், சிறுநீர் மஞ்சளாகக் கெட்டிப்படும். இந்த அக்வாபோரினைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் அக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எதிர்ப்பக்கம், நிறையத் தண்ணீர் குடித்து ரத்தம் நீர்த்தால் வாசோபிரசின் நின்றுவிடும், துளைகள் விலகும், வெளுத்த சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும். நல்ல சிறுநீரகத்தால் சிறுநீரை 50 மில்லிஆஸ்மோல் (கரைந்திருப்பவற்றின் அடர்த்தியைச் சொல்லும் அலகு) வரை நீர்க்கவும் முடியும், 1200 வரை கெட்டியாக்கவும் முடியும். ஆரோக்கியமான இளைஞர் ஒருவரால் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை வெறும் தண்ணீரை வெளியேற்ற முடியும் என்பது இதனால்தான். கடல் தண்ணீரைக் குடித்துத் தாகத்தைத் தீர்க்க முடியாததும் இதே கணக்குதான்: அதிலுள்ள உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் சிறுநீராகச் செலவழிக்க வேண்டிவரும். இன்ஜின் பழுதாகி இரண்டு நாள் கடலில் கிடந்து வந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

உப்புக் கணக்கைப் பார்ப்பது வேறு ஏற்பாடு. ரத்தத்தின் அளவு குறைந்து சிறுநீரகத்துக்கு வரும் அழுத்தம் தாழ்ந்தால், அங்குள்ள செல்கள் ரெனின் என்ற பொருளை விடுகின்றன. ரெனின் என்ற பெயர் 1898இலேயே வந்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை ஊசியாகப் போட்டு, ரத்த அழுத்தம் ஏறுவதைப் பார்த்து வைத்த பெயர். ரெனின் ஆஞ்சியோடென்சினை உருவாக்க, அது ரத்தக் குழாய்களை இறுக்கி, தாகத்தைக் கூட்டி, சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இதற்கு எதிர்த்திசையில், இதயம் நிரம்பி வழிந்தால் அது தானே ஒரு ஹார்மோனை விட்டு உப்பை வெளியேற்றும்; அது உங்கள் அம்மா கதையில் பெரிய பாத்திரமில்லை, விட்டுவிடலாம்.

ஆல்டோஸ்டிரோன் வியர்வைச் சுரப்பியிலும் வேலை செய்கிறது என்பது உப்பளத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வெயிலுக்குப் பழகாதவரின் வியர்வையில் லிட்டருக்கு 60, 70 மில்லிமோல் சோடியம்கூடப் போகும். ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வேலை செய்து பழகியபின் அது கணிசமாகக் குறையும், வியர்வை சீக்கிரமும் நிறையவும் வரும். மழைக்காலத்தில் அளம் மூடி, தை மாசியில் திரும்ப இறங்கும்போது முதல் வாரத்தில் பலர் சுருண்டு விழுவது இதனால்தான். மூன்று நான்கு மாத இடைவெளியில் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வந்தது மே மாதம். பல வருடம் இதே வேலை, அந்த வருடமும் சில மாதம் இறங்கியாகிவிட்டது. உடம்பு பழகித்தான் இருந்திருக்கும். எனவே வெறும் வியர்வை மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு கணக்கும் மோதும் இடத்துக்கு இப்போது வருகிறேன், விஷயம் இதில்தான் இருக்கிறது. ரத்தம் நீர்த்துப்போனால் வாசோபிரசின் நின்றுவிட வேண்டும் என்று சொன்னேன். ஆனால் ரத்தத்தின் அளவே ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டால், அடர்த்தி என்னவாக இருந்தாலும் வாசோபிரசின் கொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பின் பார்வையில் அடர்த்தி கெடுவதைவிட ரத்த ஓட்டம் நிற்பது பெரிய கேடு. எது கிடைத்தாலும் பிடித்து வை, உப்பில்லாத தண்ணீராக இருந்தாலும் சரி என்பது அதன் முடிவு. இந்த நிலையில் குடிக்கும் ஒவ்வொரு சொம்பும் உள்ளேயே நின்று டிகிரியை இன்னும் இறக்கும். குமட்டலும் வலியும்கூட வாசோபிரசினைத் தூண்டும். குமட்டல்தான் அதைத் தூண்டுவதில் மிகப் பலமானவற்றில் ஒன்று. அதாவது சோடியம் இறங்கி வாந்தி வந்தால், அந்த வாந்தியே சோடியத்தை இன்னும் இறக்கும்.

உப்பளத்தில் ஒரு பெண்ணின் ஒரு நாளை இதோடு பொருத்திப் பாருங்கள். விடிவதற்கு முன்னே இறங்கி உப்பு வாரத் தொடங்குகிறார். கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல், மறைவாக ஒதுங்க ஒரு புதர் கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. கொண்டுபோன பாட்டில் பாதியோடு திரும்பும். இதை வெட்கப்பட்டுக்கொண்டு மெல்லிய குரலில்தான் சொல்வார்கள், நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். நான்கு லிட்டர் வியர்வை போயிருந்தால், லிட்டருக்கு 50 மில்லிமோல் வைத்தாலும் 200 மில்லிமோல் சோடியம், சமையல் உப்பாகச் சொன்னால் 12 கிராமுக்குப் பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் காய்ந்த தொண்டைக்குக் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர். சாப்பாடு இறங்காது, அதனால் உப்பும் உள்ளே போகாது. வேலை செய்யும் இடத்தில் ஒரு கழிப்பறை கட்டினால் குறையக்கூடிய நோய் இது என்று நான் நினைக்கிறேன். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து.

அப்படியும் வருடக்கணக்காகச் சமாளித்த உடம்பு இந்த மே மாதத்தில் ஏன் விழுந்தது? புதிதாக வந்தது பிரஷர் மாத்திரை. என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்ற மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா? டெல்மிசார்டான் என்ற பிரஷர் மருந்து மட்டும்தான் என்று நினைத்துச் சாப்பிடும் பலருக்குப் பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் 'எச்' என்ற எழுத்து கண்ணில் படுவதில்லை, அது 12.5 மில்லிகிராம் ஹைட்ரோகுளோரோதயசைடு. நீர் பிரிக்கும் இந்த வகை மாத்திரைகள் நுண்குழாயின் கடைசிக்கு முந்தைய பகுதியில் உப்பைத் திரும்ப எடுப்பதைத் தடுக்கின்றன. அந்தப் பகுதிதான் சிறுநீரை நீர்க்கச் செய்யும் இடமும். ஆக மாத்திரை உப்பையும் வெளியேற்றுகிறது, வெறும் தண்ணீரை வெளியேற்றும் திறமையையும் குறைக்கிறது. பிரஷருக்கு இவை நல்ல, விலை குறைந்த மருந்துகள். கோடிக்கணக்கானோர் பிரச்சினையில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் சோடியம் இறங்குவது இவற்றின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. வயதானவர்கள், பெண்கள், எடை குறைந்தவர்கள் என்ற மூன்று பேருக்கும் அது அதிகம். பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் வரும். உங்கள் அம்மா மூன்றிலும் பொருந்துகிறார். இதுவரை உறுதி. அவர் சாப்பிட்டது இந்த மாத்திரைதானா என்பதை அட்டைதான் சொல்ல வேண்டும். இருந்தால் நீங்களாக நிறுத்திவிட்டு உட்கார வேண்டாம், இன்றைக்கே எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போங்கள். பிரஷருக்கு வேறு வகை மாத்திரைகள் தாராளமாக இருக்கின்றன. ஒருமுறை இதனால் சோடியம் இறங்கியவருக்குத் திரும்ப அதே வகையைக் கொடுக்கக் கூடாது. அதனால் அவருடைய நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையையும் கேளுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வாசோபிரசினின் பலத்தைச் சிறுநீரகத்தில் கூட்டிவிடும். வியர்த்து வற்றிய உடம்பில், டெல்மிசார்டான் வகையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் ஏற்கெனவே இருக்க, மூன்றாவதாக வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகமே சில நாட்களில் செயலிழக்கலாம். முதுகுவலி இல்லாத உப்பளத் தொழிலாளியை நான் பார்த்ததில்லை, அதனால் இதை நான் யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை.

இப்போது 'ஒன்றரை லிட்டர்' சீட்டுக்கு வருவோம். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், காரணம் தெரியாமல் சரி என்றும் சொல்ல மாட்டேன். வாசோபிரசின் காரணமில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும் நோய்கள் உண்டு. நிமோனியா, காசநோய், நுரையீரல் புற்றுநோய், சில மனநல மருந்துகள் எல்லாம் அதைச் செய்யும். அங்கே தண்ணீரைக் குறைப்பதுதான் வைத்தியம். இதயம் பலவீனமாகி, அல்லது கல்லீரல் சுருங்கி, காலும் வயிறும் வீங்கியவருக்கும் சோடியம் 121 வரும். அவர் உடம்பில் உப்பு உண்மையில் கூடுதலாக இருக்கும், தண்ணீர் அதைவிடக் கூடுதல். அவருக்குக் கருவாடு கொடுத்தால் மூச்சுத் திணறி மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார். வியர்வையிலும் மாத்திரையிலும் உப்பை இழந்தவருக்கோ உப்பும் தண்ணீரும் இரண்டுமே தேவை. வார்டில் டிரிப்போடு படுத்திருந்தவருக்கு ஒன்றரை லிட்டர் சரியாக இருந்திருக்கலாம். அதே சீட்டோடு மே மாத வெயிலில் பாத்தியில் இறங்கினால் வேறு ஆபத்து வரும். 'இந்தக் கட்டுப்பாடு எத்தனை நாளைக்கு, வேலைக்குப் போகும் நாளிலும் உண்டா' என்று நேராகக் கேளுங்கள். சிறுநீரில் சோடியமும் ஆஸ்மோலாலிட்டியும் (மொத்த அடர்த்தி) பார்த்தார்களா என்றும் கேளுங்கள். சிறுநீர்ச் சோடியம் 20, 30க்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் உப்பை இறுக்கிப் பிடிக்கிறது, உடம்பில் உப்பு போயிருக்கிறது என்று பொருள். நீர் மாத்திரை சாப்பிடும்போது இந்த எண் குழப்பும் என்பதையும் மறக்கக் கூடாது. சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று பாருங்கள், சர்க்கரை 500இல் இருந்தால் அதுவே செல்லிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துச் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். தைராய்டு, அட்ரினலில் சுரக்கும் கார்டிசால் இரண்டையும் ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. அட்ரினல் சுரப்பியைக் காசநோய் அரித்துவிட்டால் ஆல்டோஸ்டிரோனும் கார்டிசாலும் இல்லாமல் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, தோல் கறுக்கும். வெயிலில் வேலை செய்பவரின் கறுப்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதனால் உள்ளங்கை ரேகையையும் வாயின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்று நாள் இழுத்ததைப் பற்றி: பில் எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது, வேகம் மட்டும் சரியானது. சோடியம் இறங்கி இரண்டு நாள் ஆகிவிட்டால் மூளைச் செல்கள் தங்களுக்குள் இருக்கும் சில பொருட்களை வெளியேற்றி வீக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் வெளியே சோடியத்தை வேகமாக ஏற்றினால் தண்ணீர் மூளையிலிருந்து உறிஞ்சப்பட்டு நரம்புகளின் உறை சிதையலாம். சில நாள் கழித்துப் பேச்சும் கைகாலும் விழுந்துவிடும், பலருக்குத் திரும்பாது. அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் பார்க்கிறோம். வலிப்பே வந்துவிட்டால் மட்டும் மூன்று சதவீத உப்புக் கரைசலை அவசரமாகக் கொஞ்சம் கொடுத்து நாலைந்து புள்ளி ஏற்றுவோம். இன்னொரு சிக்கல், ரத்த அளவு நிரம்பியதும் அதுவரை பிடிவாதமாக இருந்த வாசோபிரசின் திடீரென்று நின்று, தண்ணீர் சிறுநீராகக் கொட்டி, நாம் ஏற்றாமலேயே சோடியம் எகிறும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்களே என்று நீங்கள் கோபப்பட்டிருக்கிறீர்கள்; அது இதற்காகத்தான்.

சாப்பாட்டில் என்ன செய்வது? ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. பிரஷரும் இருந்து, உப்பளத்தில் லிட்டர் கணக்கில் வியர்க்கவும் செய்கிறவருக்கு எத்தனை கிராம் சரி என்று யாரும் உறுதியான எண் சொல்லிவிட முடியாது. என் வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் நாளில் பிரஷர் அட்டையில் உள்ளதுதான் சட்டம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அளவோடு. வேலைக்குப் போகும் நாளில் இழந்த உப்பைக் குடிக்கும் தண்ணீரோடு சேர்த்து, வேலை நேரத்திலேயே கொடுக்க வேண்டும். ராத்திரி தட்டில் கருவாட்டைக் குவிப்பதில் பயனில்லை. அதற்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அதோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் ஜோடியாகத்தான் நுழையும், கூடவே தண்ணீர் போகும். அதனால்தான் அதில் சர்க்கரை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கிக் கொடுத்து எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதிப் பாக்கெட் கண்ணளவு எல்லாம் கூடாது. வேலை நாளில் ஒரு லிட்டர் ஓஆர்எஸ், மீதித் தாகத்துக்குத் தண்ணீர் என்று நான் சொல்வதுண்டு. இதயமோ சிறுநீரகமோ கெட்டிருந்தால் இது பொருந்தாது. ஓஆர்எஸ் இல்லாவிட்டால் உப்புப் போட்ட மோர், பழைய சோற்றின் நீராகாரம் இரண்டும் நல்லவை. பதநீரில் இனிப்பு அதிகம், சோடியம் குறைவு. இளநீரைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்வேன்: அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான். டெல்மிசார்டான் போன்ற மாத்திரை ஆல்டோஸ்டிரோனைக் குறைப்பதால் பொட்டாசியம் சரியாக வெளியேறாது. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் தினம் இரண்டு இளநீர் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். ஒன்று எப்போதாவது குடிக்கலாம், வைத்தியமாக வேண்டாம்.

குரக்களிக்குக் காரணம் உப்புக் குறைவுதான் என்று எல்லோரும் சொல்கிறோம். அதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. களைத்த தசையின் நரம்பே தானாகத் துடிப்பதும் காரணமாக இருக்கலாம் என்ற வாதம் பலமாக இருக்கிறது. அதனால் குரக்களி வந்த உடனே உப்பு மாத்திரை போடாதீர்கள். குரக்களியோடு குமட்டல், தலைவலி, தடுமாற்றம் சேர்ந்தால் மட்டும் சோடியத்தை நினையுங்கள். வருடக்கணக்கில் வெயிலில் வற்றி வற்றி வேலை செய்வது சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்குமா என்பதும் இன்னும் தீராத கேள்வி. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலேயே சிறுநீரகம் கெடுவதை ஆராய்கிறார்கள். வெப்பம் முக்கியச் சந்தேகம், பூச்சிக்கொல்லி போன்ற வேறு சந்தேகங்களும் உண்டு. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் இந்தக் கோணத்தில் ஆய்வு நடந்திருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும், வருடம் ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

அம்மா இப்போதைக்கு வேலைக்குப் போக வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மளிகைக் கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட. திரும்ப வேலைக்கு இறங்கினால் முதல் சில நாள் காலையிலும் மாலையிலும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, குடித்தது போதவில்லை, எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார். இடையில் மறுபடி பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, அதிகமாகத் தூங்கி எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ வீட்டில் எதையும் குடிக்கக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். அங்கே போனதும் 'போன தடவை சோடியம் 121' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.